மடிக்கணினியிலிருந்து சர்வர் வரை: ஒரு ஜாவா சேவையைச் சோதித்து ஏற்றுவது

ஜாவாவில் ஒரு வலைச்சேவையை எழுப்பி நிறுத்துவது இன்று பெரிய வேலை இல்லை. ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பின் இனிஷியலைசர் தளத்தில் வெப், ஜேபிஏ (தரவுதளத்தோடு பேச), போஸ்ட்கிரெஸ் (தரவுதளம்), ஃப்ளைவே (அட்டவணை மாற்றங்களை வரிசையாக ஓட்ட), ஆக்சுவேட்டர் (சேவையின் நலம் பார்க்க) என்று ஐந்தைத் தேர்ந்தெடுத்து ஜிப்பை இறக்கி, தரவுதள முகவரியைக் கொடுத்தால் 8080-ஆம் போர்ட்டில் டாம்கேட் என்ற வலைச்சர்வர் எழுந்துவிடும். சிரமமெல்லாம் அதற்குப் பிறகுதான். மடிக்கணினியில் ஒரு ஜாவா, சர்வரில் இன்னொரு ஜாவா. சோதனையில் ஒரு தரவுதளம், நிஜத்தில் வேறு தரவுதளம். இங்கே கடிகாரம் இந்திய நேரம் காட்டுகிறது, அங்கே யூடிசி என்ற உலகப் பொது நேரம். இங்கே 16 ஜிபி, அங்கே 2 ஜிபி. பெங்களூரு வெளிவட்டச் சாலை அலுவலகங்களில் நள்ளிரவில் மனிதர்களை எழுப்பும் கோளாறுகளில் மிகப் பல, நிரல் தவறு என்பதைவிட இந்த வித்தியாசங்களின் விளைவு என்பது என் உறுதியான எண்ணம். எனவே சோதித்தது எதுவோ அதுவே ஓட வேண்டும் என்ற ஒரே பிடியில் நின்று இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பேசுவதற்கு ஓர் உதாரணம் வேண்டும். பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு சிறிய தமிழ் நூலகம் இருப்பதாகவும், அதற்கு இரவல் சேவை ஒன்று எழுதுவதாகவும் வைத்துக்கொள்வோம். புத்தகம் தேடுவது, எடுப்பது, திருப்புவது, தவணைக்கு முந்தின நாள் உறுப்பினருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது, இவ்வளவுதான் வேலை. சின்ன சேவைதான், ஆனால் வம்புகள் எல்லாம் இதிலேயே வந்துவிடும்.

முதலில் ஜாவா பதிப்பு. நீண்டகால ஆதரவுள்ள பதிப்புகள் 17 (2021 செப்டம்பர்), 21 (2023 செப்டம்பர்), 25 (2025 செப்டம்பர்). புதிதாகத் தொடங்குகிறவர் 21-க்குக் கீழே போகக் காரணம் இல்லை. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3 குறைந்தது 17 கேட்கும்; ஜாவாக்ஸ் என்று தொடங்கிய ஜேபிஏ, செர்வ்லெட் பொதிகள் அதில் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. இணையத்தில் தேடி எடுத்த பழைய விடையை ஒட்டினால் முதல் வரியிலேயே கம்பைல் நின்றுபோவது இதனால்தான். சர்வரில் ‘கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 65’ என்று புகார் வந்தால், 21-இல் கட்டியதைக் கீழான ஜாவாவில் ஓட்டுகிறீர்கள் என்று பொருள். 61 என்றால் 17, 52 என்றால் 8. நிரலைக் கட்டும் கருவியான மேவனில் சோர்ஸ், டார்கெட் என்று இரண்டைக் கொடுப்பதைவிட ‘ரிலீஸ்’ என்ற ஒன்றைக் கொடுங்கள். முன்னவை மொழி இலக்கணத்தையும் கோப்பு வடிவத்தையும் மட்டுமே கட்டுப்படுத்தும். ரிலீஸ்தான் அந்தப் பதிப்பில் இல்லாத நூலக மெத்தடைக் கூப்பிட்டாலும் கம்பைல் நேரத்திலேயே தடுக்கும்.

மேவன் ராப்பர் கோப்புகளை கிட் களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள். குழுவில் சேரும் அடுத்த ஆள் எந்த மேவன் வைத்திருக்கிறார் என்ற கேள்வியே எழாது. அலுவலக நெட்வொர்க்கில் முதல் தரவிறக்கத்திலேயே ‘பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்’ என்று வந்தால் மேவன்மேல் பழி போடாதீர்கள். அலுவலக ஃபயர்வால் எல்லா எச்டிடிபிஎஸ் இணைப்பையும் தன் சான்றிதழால் மறுபடி ஒப்பமிடுகிறது. பிரவுசருக்கு அந்தச் சான்றிதழ் தெரியும், ஜாவாவுக்குத் தெரியாது. ஐடி பிரிவிடம் மூலச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, கீடூல் கொண்டு ஜேடிகே நம்பும் சான்றிதழ்கள் உள்ள சிஏசெர்ட்ஸ் கோப்பில் சேர்த்தால் தீரும். சான்றிதழ் சரிபார்ப்பையே அணைத்துவிடச் சொல்லும் விடைகளும் கிடைக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள், அந்த வரி எப்படியும் சர்வர் வரை பயணம் செய்துவிடும்.

அட்டவணைகளை ஃப்ளைவே கோப்புகளாக எழுதுங்கள். ஜேபிஏயை நிறைவேற்றும் ஹைபர்நேட் தானாக அட்டவணையை உருவாக்கும் வசதியை ‘வேலிடேட்’ (சரிபார்க்க மட்டும்) நிலையில் நிறுத்துங்கள். கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணுக்கும் விளக்கத்துக்கும் நடுவே இரண்டு அடிக்கோடுகள் வேண்டும். ஒன்றே போட்டால் ஃப்ளைவே அதைத் தனக்கான கோப்பாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம். அட்டவணை இல்லை என்ற பிழை வேறெங்கோ வந்து நிற்கும். ஓடி முடிந்த கோப்பை ஒரு காற்புள்ளி அளவுக்குக்கூடத் திருத்தக் கூடாது. ஒவ்வொன்றின் செக்சம்மும் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) தரவுதளத்தில் இருக்கிறது. மாறியிருந்தால் அடுத்த முறை சேவை எழவே எழாது. திருத்தம் வேண்டுமென்றால் புதுக் கோப்பு.

உறுப்பினர் அட்டவணையில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டாயப் பத்திகள் வைக்காதீர்கள். நம் ஆட்களுக்கு முன்னெழுத்தும் பெயரும்தான். குடும்பப்பெயர் கட்டாயம் என்றால் ஒருவர் புள்ளி வைப்பார், இன்னொருவர் அப்பா பெயர் எழுதுவார், மூன்றாமவர் தன் பெயரையே இரண்டு முறை எழுதுவார். ‘முழுப்பெயர்’ என்று ஒரு பத்தி போதும்.

தமிழ் எழுத்துகளில் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத் தரவை மட்டும் வைத்துச் சோதிக்கும் குழுக்கள் இதைக் காண்பதே இல்லை. ‘தமிழ்’ என்பதைக் கண் மூன்று எழுத்தாகப் பார்க்கிறது. ஜாவாவின் லெங்த் 5 என்கிறது: மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். யூடிஎஃப்-8-இல் அது 15 பைட். போஸ்ட்கிரெஸின் வார்கேர் குறியீடுகளை எண்ணும், எனவே தலைப்புக்கு 50 போதும் என்று ஆங்கிலக் கணக்கில் முடிவு செய்தால் நீளமான தமிழ்த் தலைப்பு ஒன்று உள்ளே போகாது. டெக்ஸ்ட் வகையே போதும். வரம்பு வேண்டுமானால் நிரலில் தாராளமாக வையுங்கள்.

இதைவிடச் சங்கடமானது ஒ, ஓ, ஔ வரிசை. ‘கொ’ என்பதில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் வரலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஜாவாவின் ஈக்வல்ஸ் இரண்டும் வேறு என்று சொல்லிவிடும். தரவுதளத்தின் தேடலும் அப்படியே. நூலகத்தின் பழைய பட்டியல் பழைய எழுத்துரு ஒன்றிலிருந்து மாற்றப்பட்டதாக இருந்தால் பிரிந்த வடிவம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். புத்தகம் அலமாரியில் இருக்கும், ‘பொன்’ என்று தேடினால் வராது. தீர்வு எளிது: உள்ளே வரும் எல்லா உரையையும், தேடல் சொல் உட்பட, ஜாவாவின் நார்மலைசர் வழியாக என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள். ஒரே ஒரு வகையை அது சரிசெய்யாது. ‘ஔவையார்’ என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டச்சு செய்தவர்கள் ஏராளம். யூனிகோட் பார்வையில் அது வேறு சொல். அதற்குத் தனியாக ஒரு திருத்தப் பட்டியல்தான் வழி.

பட்டியலை எக்செலிலிருந்து சிஎஸ்வியாக ஏற்றும்போது இன்னொன்று. யூடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமித்தாலும் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி சேரும். ஜாவா அதை நீக்காது; முதல் பத்தியின் தலைப்பு மட்டும் பொருந்தாமல் போகும். ஜாவா 18 முதல் இயல்பான எழுத்துக்குறியாக்கம் யூடிஎஃப்-8. அதற்கு முந்தையதில் இயங்குதளத்தைப் பொறுத்தது. விண்டோஸ் மடிக்கணினியில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக வருவது அப்படித்தான்.

அடுத்தது கடிகாரம். கிளவுட் சர்வர்களும் கன்டெய்னர்களும் (சேவையைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டிகள்) வழக்கமாக யூடிசியில் ஓடும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. எனவே நள்ளிரவு 12-க்கும் அதிகாலை 5:30-க்கும் இடையே சர்வரில் லோக்கல்டேட் நவ் என்று கேட்டால் நேற்றைய தேதி வரும். அந்த நேரத்தில் இணையம் வழியே புதுப்பிப்பவருக்குத் தவணை ஒரு நாள் குறையும். இரவு 12 மணிக்கு ஓட வேண்டும் என்று ஸ்கெட்யூல்டில் எழுதிய வேலை காலை 5:30-க்கு ஓடும். மடிக்கணினி இந்திய நேரத்தில் இருப்பதால் இது சோதனையில் அகப்படாது. இரண்டு வகைகளைப் பிரித்து வையுங்கள்: ‘எப்போது எடுத்தார்’ என்பது ஒரு கணம், அதற்கு இன்ஸ்டன்ட், தரவுதளத்தில் மண்டலத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப். ‘எந்த நாளுக்குள் தர வேண்டும்’ என்பது ஒரு தேதி, அதற்கு லோக்கல்டேட். கணத்தைத் தேதியாக மாற்றும் இடத்தில் ஏசியா-கொல்கத்தா மண்டலத்தை எழுத்தில் சொல்லுங்கள். ஸ்கெட்யூல்டிலும் அதற்கென்று ஸோன் என்ற இடம் உண்டு. கிளாக் ஒன்றை பீனாக (ஸ்பிரிங் நிர்வகிக்கும் பொருளாக) வைத்து எல்லா இடத்திலும் அதையே கேட்டால், சோதனையில் அதிகாலை 2 மணிக்கு நிறுத்திய கடிகாரத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். சோதனைகள் முழுவதையும், ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்மின் நேர மண்டலம் யூடிசி என்று வைத்தே ஓட்டுவது இன்னும் நல்லது.

இனி சோதனைகள். இதில் என் கருத்து கொஞ்சம் கடுமை. போஸ்ட்கிரெஸில் ஓடப்போகும் சேவையை, நினைவகத்திலேயே ஓடும் சிறு தரவுதளமான எச்2-வில் சோதிப்பது நேர விரயம். காரணத்தை இந்த நூலகமே காட்டும். ஒரு பிரதியை ஒரே நேரத்தில் ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும். இதை ‘திரும்பியதா என்று பார், இல்லை என்றால் மறு, ஆம் என்றால் சேர்’ என்று நிரலில் எழுதினால், இரண்டு பேர் ஒரே கணத்தில் கேட்கும்போது இருவருக்கும் ‘ஆம்’ வரும். சரியான காவல் தரவுதளத்திலேயே இருக்க வேண்டும்: இரவல் அட்டவணையில் பிரதி எண்ணுக்கு ஒரு யூனிக் இண்டெக்ஸ், ஆனால் திரும்பிய நாள் காலியாக உள்ள வரிசைகளுக்கு மட்டும். இந்தப் பகுதி இண்டெக்ஸ் போஸ்ட்கிரெஸில் உண்டு, எச்2-வில் இல்லை. எச்2-வைப் பிடித்துக்கொண்டால் உங்கள் மிக முக்கியமான விதியைச் சோதனைக்காகவே விட்டுக்கொடுக்க நேரும்.

டெஸ்ட்கன்டெய்னர்ஸ் இதற்குத்தான். சோதனை தொடங்கும்போது டாக்கரில் நிஜ போஸ்ட்கிரெஸ் எழும், ஃப்ளைவே கோப்புகள் அதில் ஓடும், முடிந்ததும் அழியும். ஸ்பிரிங் பூட் 3.1 முதல் சர்வீஸ்கனெக்‌ஷன் என்ற ஒரு குறிப்பு போதும், முகவரியும் கடவுச்சொல்லும் தானே இணையும். இமேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ என்று எழுதாமல் சர்வரில் உள்ள அதே முதன்மைப் பதிப்பை எழுதுங்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு கன்டெய்னர் என்று வைக்காமல் ஸ்டாடிக்காக ஒன்றை எல்லாருக்கும் பொதுவாக்குங்கள். பெங்களூரு பிடிஎம் லேஅவுட்டில் பிஜி விடுதி அறையில் 8 ஜிபி மடிக்கணினியோடு கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் இயல்பாக மொத்த நினைவகத்தில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். அதன் கான்ஃபிக் கோப்பில் 3 ஜிபி என்று வரம்பு போட்டால் ஐடிஇயும் மூச்சுவிடும், போஸ்ட்கிரெஸும் தாராளமாக ஓடும்.

அந்த ஒரே-பிரதி விதிக்கு எழுத வேண்டிய சோதனை: இரண்டு த்ரெட்கள், இரண்டையும் ஒன்றாகக் கிளப்பும் ஒரு கவுண்ட்டவுன்லாட்ச், இரண்டும் ஒரே நேரத்தில் எச்டிடிபி வழியாக அதே பிரதியைக் கேட்க வேண்டும். ஒன்றுக்கு 201 (உருவானது), மற்றதற்கு 409 (முரண்), அட்டவணையில் ஒரே வரிசை. முதல் முறை ஓட்டும்போது 409-க்குப் பதில் 500 (சர்வர் பிழை) வரும், ஏனென்றால் யூனிக் மீறல் டேட்டா-இன்டெக்ரிட்டி-வயலேஷன் என்ற பிழையாக மேலே எழும்பும், அதைப் பிடித்து மாற்ற நீங்கள் எதுவும் எழுதியிருக்க மாட்டீர்கள். இந்தச் சோதனையின் மேல் டிரான்சாக்‌ஷனல் குறிப்பைப் போடாதீர்கள். சோதனைத் தரவை அது தானே திரும்ப அழித்துவிடும் என்பதால் பலரும் எல்லா இடத்திலும் போடுகிறார்கள், ஆனால் மூன்று விஷயங்களை அது மறைக்கும். சோதனை உருவாக்கிய தரவு கமிட் ஆகாததால் மற்ற த்ரெட்களுக்குத் தெரியாது. எழுதியது ஃப்ளஷ் ஆகாமலே திரும்பிப் போய்விட்டால் தரவுதள விதிகள் சோதிக்கப்படுவதே இல்லை. நிஜத்தில் லேஸி-இனிஷியலைசேஷன் பிழையாக வெடிக்கும் வரி, டிரான்சாக்‌ஷன் திறந்தே இருப்பதால் அங்கே அமைதியாக ஓடும். சோதனைக்குமுன் அட்டவணைகளை டிரங்கேட் செய்வது பழைய வழிதான், அதுவே நேர்மையானது.

கிளாஸ் பெயரையும் பாருங்கள். மேவனில் ‘டெஸ்ட்’ என்று முடிவதை ஷுர்ஃபயர் எடுக்கும். ‘ஐடி’ என்று முடிவதை ஃபெயில்சேஃப் எடுக்கும். ஃபெயில்சேஃப் பிளகினை மேவனின் அமைப்புக் கோப்பான பாம் கோப்பில் சேர்க்காமல் ‘ஐடி’ என்று பெயர் வைத்தால் அந்தச் சோதனைகள் ஒருபோதும் ஓடாது, பில்டும் பச்சையாகவே இருக்கும். சேர்த்த பிறகும் ‘மேவன் டெஸ்ட்’ போதாது, ‘மேவன் வெரிஃபை’ வேண்டும். தானாகக் கட்டிச் சோதிக்கும் சிஐயின் பதிவில் எத்தனை சோதனைகள் ஓடின என்ற எண்ணை ஒருமுறை கண்ணால் பாருங்கள். வெரிஃபை மெதுவாக இருந்தால் மாக் பீன்களை (சோதனைக்கான போலிப் பொருள்களை) எண்ணுங்கள்: வெவ்வேறு மாக் சேர்க்கை ஒவ்வொன்றுக்கும் ஸ்பிரிங் ஒரு புதிய கான்டெக்ஸ்ட்டை எழுப்பும். தவணைக் கணக்கு, அபராதக் கணக்கு போன்றவற்றை ஸ்பிரிங்கே இல்லாத சாதாரண கிளாஸாக எழுதினால் அவை மில்லிநொடிகளில் முடியும்.

குறுஞ்செய்தி அனுப்பும் பகுதியில் இரண்டு தனிச் சிக்கல்கள். இந்தியாவில் நிறுவனங்கள் அனுப்பும் செய்தியின் வார்ப்பை (டெம்ப்ளேட்), தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அனுப்பும் உரை பதிவு செய்த வார்ப்போடு பொருந்தாவிட்டால், செய்தியை அனுப்பித்தரும் கேட்வே உங்களுக்கு 200 (சரி) என்று பதில் தந்த பிறகும் செய்தி போய்ச் சேராது. எனவே வார்ப்பை நிரலில் ஒரே இடத்தில் வைத்து, உருவாகும் உரை அதோடு பொருந்துகிறதா என்று ஒரு சோதனை எழுதுங்கள். இரண்டாவது, தமிழ்ச் செய்தி யூனிகோடில் போவதால் ஒரு செய்திக்கு 160 இல்லை, 70 குறியீடுகள்தான்; நீண்டால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. புத்தகத் தலைப்பையும் சேர்த்தால் செய்தி எளிதாக மூன்று துண்டாகும், கட்டணமும் அப்படியே. தலைப்பை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் சொல்லலாம்.

அந்த கேட்வே அழைப்பை டிரான்சாக்‌ஷனுக்குள் வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் ஒரு கணக்கு. டாம்கேட் இயல்பாக 200 த்ரெட் வரை திறக்கும். தரவுதள இணைப்புகளைத் திறந்து வைத்துப் பகிரும் ஹிகாரியிடம் இருப்பவை 10. கேட்வே மந்தமாகி ஒவ்வொரு அழைப்பும் 8 நொடி எடுத்தால், பத்துப் பேர் பத்து இணைப்பையும் பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்களில் பலர் வரிசையில் நின்று 30 நொடி கழித்து ‘கனெக்‌ஷன் இஸ் நாட் அவைலபிள்’ என்று விழுவார்கள். தரவுதளம் அப்போது சும்மா இருக்கும். பூலை (அந்த இணைப்புத் தொகுப்பை) 100 ஆக்குவது மருந்து இல்லை. போஸ்ட்கிரெஸின் இயல்பான மொத்த வரம்பே 100, அதிலும் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியவை. புதிய பதிப்பு எழும்போது பழையதும் சற்று நேரம் கூடவே ஓடும், இரண்டு பூலும் சேர்ந்து வரம்பைத் தாண்டும். பத்தையே வைத்துக்கொண்டு, அழைப்பை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுங்கள். ஸ்பிரிங்கின் ஓப்பன்-இன்-வியூவை ஃபால்ஸ் ஆக்குங்கள். அது இயல்பாக இயக்கத்தில் இருக்கும், தரவுதளத்தைத் தொட்ட கோரிக்கை முடியும்வரை இணைப்பை விடாமல் வைத்திருக்கும். எழும்போது பதிவில் வரும் எச்சரிக்கை வரி அதைப் பற்றியதுதான். ஜாவாவோடு வரும் எச்டிடிபி கிளையண்ட்டுக்கு நேரவரம்பு நீங்கள் சொன்னால்தான் உண்டு. இணைப்புக்கு 2 நொடி, பதிலுக்கு 5 நொடி என்று தொடங்கலாம்.

கட்டுவது ஒரே ஒருமுறை. சிஐயில் வெரிஃபை தேறிய ஜார் எதுவோ, அதே கோப்பு சோதனைச் சர்வருக்கும் நிஜச் சர்வருக்கும் போக வேண்டும். சூழலுக்கு ஒரு பில்ட் என்ற பழக்கத்தை விடுங்கள். வேறுபடுவது சூழல் மாறிகள் மட்டும். ஜாருக்குள் கடவுச்சொல் இருக்கக் கூடாது. ஜார் என்பது ஒரு ஜிப், யாரும் திறக்கலாம். வெளியிடுவதற்குமுன் டிபெண்டன்சி-ட்ரீயை (சேவை சார்ந்துள்ள நூலகங்களின் பட்டியல்) ஒருமுறை எடுத்துக் கோப்பாகச் சேமியுங்கள். 2021 டிசம்பரில், பதிவெழுதும் நூலகமான லாக்4ஜேயில் லாக்4ஷெல் ஓட்டை வெளிவந்தபோது, எந்தச் சேவையில் லாக்4ஜே-கோர் இருக்கிறது என்ற கேள்விக்கு அந்தக் கோப்பு வைத்திருந்தால் ஒரு தேடலில் பதில். ஸ்பிரிங் பூட் இயல்பாக லாக்பேக் என்ற வேறு நூலகத்தை எடுப்பதால் பல சேவைகள் அன்று தப்பின, ஆனால் ‘பல’ என்பது ‘என்னுடையது’ என்று ஆகாது.

இந்த அளவு வேலைக்கு, பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் வேண்டாம். மும்பையில் உள்ள கிளவுட் மண்டலம் ஒன்றில் ஓர் உபுண்டு இயந்திரம், முன்னால் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ், பின்னால் சேவையை எழுப்பிக் காக்கும் சிஸ்டம்டி போதும். பயனர்கள் பெங்களூருவில், இயந்திரம் மும்பையில் என்பது பிரச்சினை ஆகாது. ஒளியிழையில் ஒளி மில்லிநொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். ஆனால் சேவையும் தரவுதளமும் ஒரே மண்டலத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் 50 புத்தகங்களைக் காட்ட ஹைபர்நேட் 51 வினவல்கள் அனுப்பினால், ஒவ்வொன்றும் ஒரு போய்வரும் பயணம். மடிக்கணினியில் தெரியாத அது இரண்டு நகரங்களுக்கு நடுவே நொடிகளாகும். ஹைபர்நேட் புள்ளிவிவரத்தை இயக்கி, ‘இந்தப் பக்கத்துக்கு 3 வினவலுக்கு மேல் கூடாது’ என்று ஒரு சோதனை எழுதிவிட்டால் அது திரும்ப நுழையாது.

நினைவகத்தில் பிசகுவது எளிது. எதுவும் சொல்லாவிட்டால் ஜேவிஎம் இருக்கும் நினைவகத்தில் கால் பங்கை ஹீப்பின் (நிரலின் பொருள்கள் தங்கும் இடம்) உச்சமாக எடுக்கும்: 2 ஜிபி இயந்திரத்தில் 512 எம்பி. போஸ்ட்கிரெஸ் வேறு இயந்திரத்தில் இருந்தால், ஹீப்பின் வரம்பைச் சொல்லும் எக்ஸ்எம்எக்ஸ் 1 ஜிபி வரை போகலாம், கூடவே இருந்தால் 768 எம்பியில் நில்லுங்கள். ஹீப் மட்டுமே ஜாவாவின் நினைவகம் இல்லை. மெட்டாஸ்பேஸ், தொகுத்த நிரல், த்ரெட் ஒவ்வொன்றுக்கும் 1 எம்பி வரை ஸ்டாக், டைரக்ட் பஃபர் எல்லாம் வெளியே. எக்ஸ்எம்எக்ஸை இயந்திரத்தின் அளவுக்கே நீட்டினால் லினக்ஸ் கெர்னல் அதைக் கொன்றுவிடும். அப்போது சேவையின் பதிவில் ஒரு வரிகூட இருக்காது, ஹீப் டம்ப்பும் (ஹீப்பின் நகல் கோப்பு) கிடைக்காது. கெர்னலின் பதிவைக் காட்டும் டிமெசேஜில் ‘கில்ட் பிராசஸ்’ என்று தேடுங்கள், வெளியேறும் குறியீடு 137. ஜாவாவே ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று சொன்னால் அது வேறு வியாதி. அதற்கு ஹீப் டம்ப் எடுக்கும் கொடியையும், உடனே வெளியேறும் கொடியையும் சேர்த்து வையுங்கள். பாதி செத்த சேவையை விட மறுபடி எழுந்த சேவை மேல்.

சிஸ்டம்டி கோப்பில் கவனிக்க வேண்டியவை: தனிப் பயனர், ரூட் கூடாது, கடவுச்சொற்களுக்கு என்விரான்மென்ட் கோப்பு, அனுமதி 600, ரீஸ்டார்ட் ‘ஆன்-ஃபெயிலியர்’, வெற்றிக் குறியீட்டில் 143. கடைசியானது இல்லாவிட்டால், ஒழுங்காக நிறுத்தியபோதும் ஜாவா 143 என்று வெளியேறுவதை சிஸ்டம்டி தோல்வி என்று பதியும். ஜாரைப் பதிப்பு எண்ணோடு தனித்தனிக் கோப்பாக வைத்து, ‘கரண்ட்’ என்ற சிம்லிங்க் மூலம் சுட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஜாரின் மேலேயே புதியதை நகலெடுக்கவே கூடாது. ஜேவிஎம் கிளாஸ்களைத் தேவைப்படும்போதுதான் படிக்கிறது. அடியில் கோப்பு மாறிவிட்டால், இதுவரை தொடாத ஒரு கிளாஸ் தேவைப்படும் நொடியில் ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்’ என்று சம்பந்தமே இல்லாத இடத்தில் விழும். சிம்லிங்க் இருந்தால் பழைய பதிப்புக்குத் திரும்புவதும் இரண்டு கட்டளைகள்தான்.

என்ஜின்எக்ஸில் கோப்பு அளவு வரம்பு இயல்பாக 1 எம்பி. புத்தக அட்டைப் படத்தைக் கைபேசியில் எடுத்து ஏற்றினால் 413 (மிகப் பெரியது) வரும். அதை உயர்த்திய பிறகும் ஏறாது, ஏனென்றால் ஸ்பிரிங்கின் மல்டிபார்ட் வரம்பும் ஒரு கோப்புக்கு 1 எம்பி. இரண்டையும் உயர்த்துங்கள். ஆக்சுவேட்டரை 8081 போன்ற தனிப் போர்ட்டில், உள் முகவரியில் மட்டும் வையுங்கள். அதன் எல்லா முனைகளையும் (தகவல் தரும் முகவரிகளையும்) திறந்துவிடும் நட்சத்திரக் குறியைப் பல பயிற்சிப் பாடங்களில் பார்க்கலாம். ஹீப் டம்ப் முனை வெளியே தெரிந்தால் நினைவகத்தில் உள்ள கடவுச்சொல் எல்லாம் போயிற்று.

இயந்திரத்தை 4 ஜிபி ஆக்க முடிந்தால் சேவையின் இரண்டு பிரதிகளை 8080, 8082 என்று ஓட்டி, ஒவ்வொன்றாக மறுதொடக்கம் செய்யலாம். அழகாக நிறுத்தும் வசதி ஸ்பிரிங் பூட் 2.3-இல் வந்தது, 3.4 முதல் இயல்பாகவே இயங்குகிறது: புதிய கோரிக்கையை ஏற்காது, நடப்பதை முடிக்க 30 நொடி கொடுக்கும். இணைப்பு மறுக்கப்பட்டால் என்ஜின்எக்ஸ் அடுத்த பிரதிக்கு அனுப்பும். சிஸ்டம்டி 90 நொடி காத்திருப்பதால் இங்கே மோதல் இல்லை. குபர்நெட்டிஸில் மொத்தமே 30 நொடி என்பதால், அங்கே ஓட்டுகிறவர்கள் ஸ்பிரிங்கின் வரம்பை 20 ஆக்க வேண்டும். கன்டெய்னரில் என்ட்ரிபாயின்ட்டை அடைப்புக்குறி வடிவத்தில் எழுதுங்கள். வெறும் வரியாக எழுதினால் முதல் செயல்முறையாக ஷெல் நிற்கும். நிறுத்தும் சைகை ஜாவாவுக்குப் போகாது, நேரம் முடிந்ததும் கொலைதான். ஆப்பிள் எம் வரிசை மடிக்கணினியில் கட்டிய இமேஜ் இன்டெல் சர்வரில் ‘எக்ஸெக் ஃபார்மேட் எரர்’ என்று நின்றால், கட்டும்போது பிளாட்ஃபார்மை ஏஎம்டி64 என்று கொடுக்க வேண்டும்.

இரண்டு பிரதிகள் என்றதும் நினைவூட்டல் வேலையும் இரண்டு முறை ஓடும், உறுப்பினருக்கு இரண்டு செய்தி போகும். இங்கும் தரவுதளத்தையே காவலாக வையுங்கள்: நினைவூட்டல் அட்டவணையில் இரவல் எண், தேதி இரண்டுக்கும் சேர்த்து யூனிக். முதலில் வரிசையைச் சேர்த்துக் கமிட் செய்கிறவர் அனுப்பட்டும், மற்றவர் விலகட்டும்.

பழையதும் புதியதும் கொஞ்ச நேரம் ஒரே தரவுதளத்தில் ஓடுகின்றன என்பதால் பத்தியின் பெயரை ஒரே வெளியீட்டில் மாற்ற முடியாது. முதல் வெளியீட்டில் புதிய பத்தியைச் சேர்த்து இரண்டிலும் எழுதுங்கள். பழைய வரிசைகளை நிரப்புங்கள். அடுத்த வெளியீட்டில் புதியதை மட்டும் படியுங்கள். அதற்கும் அடுத்ததில் பழையதை நீக்குங்கள். இழுத்தடிப்பதுபோல் தெரியும். ஆனால் எந்தப் படியிலிருந்தும் ஒரு படி பின்னால் வர முடிவது இந்த வழியில்தான். வெளியீட்டைச் செவ்வாய், புதன் காலையில் வையுங்கள். வெள்ளி மாலை சேலத்துக்கோ மதுரைக்கோ மடிவாளாவில் பேருந்து ஏறப்போகிறவர் நாலு மணிக்கு ஃப்ளைவே ஓட்டுவது அவருக்கும் நல்லதல்ல, பெங்களூருவில் இருந்துவிடும் சக ஊழியருக்கும் நல்லதல்ல.

ஏற்றிய பத்து நிமிடத்துக்குள் நான்கைப் பாருங்கள்: ஹெல்த் முனை, 5-இல் தொடங்கும் பதில்களின் எண்ணிக்கை, ஹிகாரியில் காத்திருப்போர் எண்ணிக்கை, முழு ஜிசிக்குப் (பயன்படாத நினைவகத்தைத் துடைக்கும் வேலை) பின் ஹீப் எங்கே நிற்கிறது என்பது. ஹெல்த்தில் லைவ்னஸ் (உயிரோடு இருக்கிறதா), ரெடினஸ் (கோரிக்கை ஏற்கத் தயாரா) என்று இரண்டு உண்டு. லைவ்னஸில் தரவுதளத்தைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் தரவுதளம் ஒரு நிமிடம் தடுமாறும்போது நல்ல நிலையில் உள்ள சேவைகளையும் கண்காணிப்பு ஒவ்வொன்றாக மறுதொடக்கம் செய்துகொண்டிருக்கும்.

காப்புக்கு, போஸ்ட்கிரெஸின் நகலெடுக்கும் கருவியான பிஜி-டம்ப் தினமும் ஓடட்டும், கோப்பு வேறு இயந்திரத்துக்குப் போகட்டும். மாதம் ஒருமுறை அதைச் சோதனைச் சர்வரில் மீட்டெடுத்து, அதன் மேலேயே அடுத்த பதிப்பின் ஃப்ளைவே கோப்புகளை ஓட்டிப் பாருங்கள். சாதாரண இண்டெக்ஸ் உருவாக்கம் முடியும்வரை அட்டவணையில் யாரும் எழுத முடியாது. காலியான கன்டெய்னரில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்த அது, நிஜத் தரவில் எத்தனை நொடி பிடிக்கிறது என்பது அங்கே தெரியும். அதிகம் பிடித்தால் கன்கரன்ட்லி என்ற வகையில் மாற்றி எழுதலாம். அது டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடாது என்பதால் தனிக் கோப்பாக வையுங்கள். மீட்டெடுத்த தரவில் உறுப்பினர்களின் நிஜக் கைபேசி எண்கள் இருக்கும். சேவையை எழுப்புவதற்கு முன்பே அந்தப் பத்தியை அழித்துவிடுங்கள், குறுஞ்செய்தி கேட்வேயின் சாவியையும் அந்தச் சர்வரின் என்விரான்மென்ட் கோப்பில் வைக்காதீர்கள்.